வளைவில் பத்து நிமிடம்

என் அத்தை ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, கண்ணுக்குப் போடுவது. கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. வருகிறவரை அங்கே உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. "முதல்ல காட்டினது தெளிவா இருந்துச்சா, இப்ப காட்டுறதா?" இந்தக் கேள்வியை இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு, அவளுக்கு வேறு மாதிரி கேட்கவே வராமல் போய்விட்டது.

வீட்டிலும் அப்படித்தான். "குளிக்கப் போறியா?" என்று கேட்க மாட்டாள். "இப்பக் குளிக்கிறியா, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் குளிக்கிறியா?" என்பாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். பல நாள் ஏமாந்த பிறகு வாண்டு ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, அம்மா ரெண்டு கதவைத் திறந்து விடுறாங்க. ரெண்டும் பாத்ரூமுக்குத்தான் போகுது" என்றாள் என்னிடம்.

அத்தையைப் பற்றி எழுத நினைத்தபோது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் பெரிதாக எதுவும் சாதித்தவள் இல்லை. ஆனால் இந்த வருடம் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டாள். பள்ளி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் நான் பாதி நாள் அவள் வீட்டில்தான் இருந்தேன், அதனால் அந்தத் திட்டம் முழுவதும் என் கண்முன்னே நடந்தது. அதைச் சொன்னாலே அவள் யார் என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பஸ் ஓட்டினார். இருபத்திரண்டு வருடம், பெரும்பாலும் பதினான்காம் எண் தடத்தில். பஸ் நிலையத்தில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். அவர் பஸ் தெருமுனையில் திரும்பும்போதுதான் மருந்துக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார் என்று அப்பா சொல்வார். கால அட்டவணையில் ஒரு நிமிடம் தப்பாக இருந்தாலும் அவருக்குக் காலில் முள் குத்தின மாதிரி. அலுவலகத்துக்கே போய்த் திருத்தச் சொல்லிவிட்டு வருவார்.

பதினொரு மாதத்துக்கு முன்னால், ஒரு சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே ஒரு வளைவு. பஸ்ஸை வளைவின் ஓரத்திலிருந்த மண்மேட்டில் மோதி நிறுத்தினார். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். விசாரணையில் டிரைவர் மேல் தவறில்லை, அவர் செய்ததுதான் சரி என்று எழுதினார்கள். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர் மூன்று நிமிடம் தாமதம். அதைப் பிடிப்பதற்காகச் சரிவில் கொஞ்சம் வேகமாக வந்தாராம். "அந்த மூணு நிமிஷத்தைப் பிடிக்கப் போனது நான்தானே" என்பார். அதற்குமேல் பேச மாட்டார்.

அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. பஸ் மட்டுமில்லை, சக்கரம் வைத்த எதிலும் ஏறவில்லை. என் அப்பாவின் காரில் பின்சீட்டில்கூட உட்காரவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு "நீங்க போங்க, நான் நடந்து வர்றேன்" என்பார். கால் போகிற தூரம்தான் அவருடைய ஊர் என்று ஆகிவிட்டது. தினமும் மாலை கண்ணாடிக் கடை வரை நடந்து போய் அத்தையைக் கூட்டிக்கொண்டு வருவார். இருபத்தைந்து நிமிடம். அத்தை முன்பெல்லாம் பஸ்ஸில் வருவாள். இப்போது கடை மேசைக்கடியில் ஒரு ஜோடி ரப்பர் ஷூ வைத்திருக்கிறாள். குதிகால் வலிக்கிறது என்று என்னிடம் சொல்வாள். அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவரை மறுபடி எங்காவது தூரமாகக் கூட்டிப்போய்விட வேண்டும். அத்தைக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஆனால் "வர்றீங்களா?" என்று மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. வரமாட்டேன் என்று ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால், பிறகு அவர் அந்தச் சொல்லையும் காப்பாற்றுவார் என்று பயந்தாள்.

அப்போதுதான் கடைக்கு ஒரு லாயக்காரர் கண் பரிசோதனைக்கு வந்தார். ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு பெரிய ஏரி, அதைச் சுற்றிப் பூங்கா. அதன் வாசலில் குதிரைகள் வைத்திருக்கிறார். ஏரியைச் சுற்றி மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, இருபத்துநான்கு கிலோமீட்டர். முதல் நாள் குதிரையில் பாதி தூரம் போய், அக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் மீதியைச் சுற்றிக்கொண்டு திரும்பலாம். அவர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அத்தை கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"குதிரைக்குச் சக்கரம் கிடையாது, கவனிச்சியா?" என்றாள் என்னிடம்.

"ஆனா ஏரி வரைக்கும் போகணுமே அத்தை. அதுக்கு வண்டி வேணுமே."

"அது அப்புறம். ஒரு கண்ணை மூடிட்டு இன்னொரு கண்ணை முதல்ல பாப்போம்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, லென்ஸ் போட்டுவரும் உறையின் பின்பக்கத்தில் எழுதிய திட்டத்தை அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். நான், வாண்டு, அவள் மூன்று பேரும் போகிறோம். காலை பத்தரைக்கு லாயத்தில் புறப்பாடு. பதினொன்று இருபதுக்கு அக்கரை முகாம். பதினொன்றரைக்குக் கூடாரம் அடித்து முடித்தல்.

மாமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"முகாம் எவ்வளவு தூரம்?"

"பதிமூணு கிலோமீட்டராம்."

"பதிமூணு கிலோமீட்டர் அம்பது நிமிஷத்துலயா? கூட வாண்டு வேற. இது குதிரையா, ஆம்புலன்ஸா?"

"எனக்கென்னங்க தெரியும். குதிரைன்னா ஓடும்தானே."

"கூடாரம் பத்து நிமிஷத்துல அடிச்சிருவியா? போன மாசம் கொசுவலை கட்ட எவ்வளவு நேரம் ஆச்சு உனக்கு?"

"அப்ப எவ்வளவு போடலாம்? இருபதா, இருபத்தஞ்சா?"

"அந்த உறையை இப்படிக் குடு" என்றார் மாமா.

அத்தைக்குக் கணக்கு தெரியாது என்றுதான் நான் அப்போது நினைத்தேன். பாத்திரம் தேய்க்கும்போது அவளே சொன்னாள். "கடையில எப்பவுமே தப்பான கண்ணாடியைத்தான் முதல்ல போடுவேன். சரியானதைப் போட்டா ஆளுங்க 'ம்'னு சொல்லிட்டுச் சும்மா இருப்பாங்க. தப்பானதைப் போட்டாத்தான் வாயைத் திறப்பாங்க."

மறுநாள் காலையில் மாமா லாயத்துக்குப் போன் செய்தார். பதினொரு மாதத்தில் அவராக ஒரு புது ஆளுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அத்தை காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். லாயக்காரரின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும், அவ்வளவு கனமான குரல்.

"குதிரை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?"

"அது அதோட மனசைப் பொறுத்தது சார்."

"மனசு நல்லா இருந்தா?"

"ஆறு போகும்."

"நல்லா இல்லேன்னா?"

"நிக்கும்."

"எத்தனை நிமிஷம் நிக்கும்?"

"சார், நான் பதினஞ்சு வருஷமா குதிரை வச்சிருக்கேன். இதை யாரும் கேட்டதில்லை."

"சராசரியாச் சொல்லுங்க."

"நல்ல புல்லு கண்ணுல பட்டா மூணு நிமிஷம் வச்சுக்கங்க."

மாமா எழுதிக்கொண்டார். தண்ணீர் காட்ட எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை தடவை, முகாமில் குதிரைகளை எங்கே கட்டுவது, இரவு அதுகளுக்கு யார் தீவனம் வைப்பது என்று இருபது நிமிடம் கேட்டார். அன்று மதியமே ஒரு பழைய நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை தயாரானது. இடம், சேரும் நேரம், புறப்படும் நேரம். கடைசியில் அவரே சேர்த்த ஒரு புதுக் கட்டம். அதன் தலைப்பு 'தாமதத்துக்கு'. ஒவ்வொரு வரியிலும் அதில் ஐந்து, பத்து என்று தாராளமாகப் போட்டிருந்தார்.

அதன்பிறகு திட்டம் அத்தையின் கையிலிருந்து மெல்ல நழுவி அவர் கைக்குப் போனது. நழுவட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். தினமும் ஒரு தப்பை மட்டும் கொண்டுவந்து போடுவாள். ஒருநாள் மூன்று பேருக்கு ஒரே ஒரு டார்ச் போதும் என்றாள். இன்னொரு நாள் ஏரித் தண்ணீரையே குடித்துக்கொள்ளலாம் என்றாள். அதற்கு மாமா அரை மணி நேரம் பேசினார். பதினொரு மாதமாக ஒரு நாளில் மொத்தமாக அவ்வளவு பேசியதில்லை.

கூடாரத்தை அப்பாவின் நண்பரிடம் இரவல் வாங்கினோம். வெளியே அடிக்க இடமில்லாததால் கூடத்திலேயே விரித்துப் பார்த்தோம். அது நின்றவுடன் கூடத்தில் வேறு யாரும் நிற்க முடியவில்லை. குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது. மாமா ஒரு பக்கமாக உடம்பைத் திருப்பி நுழைவார். "கூட்டம் பிதுங்குற பஸ்ல ஏறுற மாதிரி இருக்கு" என்பார். அவர் வாயில் பஸ் என்ற சொல் வந்ததை நானும் அத்தையும் கவனித்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் குதிரைமேல் உட்கார முடியும் என்று தெரிய வேண்டும் என்றார் மாமா. பெஞ்சின் மேல் மெத்தையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, நாங்கள் மூன்று பேரும் வரிசையாக இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தோம். அவர் கையில் கடிகாரத்தோடு எதிரே நின்றார். இருபதாவது நிமிடத்தில் எனக்குத் தொடை மரத்துவிட்டது. அத்தை முப்பத்தைந்து வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாண்டு மட்டும் கயிற்றைக் கடிவாளமாகப் பிடித்து மெத்தையை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கணும்" என்று எழுதினார் மாமா.

"அப்பா, உங்களுக்கு எந்தக் குதிரை?" என்று கேட்டாள் வாண்டு.

மாமா எழுதுவதை நிறுத்தினார்.

"நான் வீட்டைப் பாத்துக்கறேன்டா."

"வீடு எங்கப்பா போகப் போகுது?"

"வாண்டு, இறங்கு" என்றாள் அத்தை.

"ஏரிக்குக் கார்லதானே போகணும், அதனாலதானே வரமாட்டேங்கிறீங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கப்பா. நான் கையைப் பிடிச்சுக்கறேன். நான் ஊசி போட்டுக்கும்போது நீங்க பிடிச்சீங்கல்ல."

அவள் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். மாமா நோட்டை மூடினார். பென்சிலை அதற்குள் வைத்து, நோட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, கூடாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நடந்து உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் அந்த நோட்டை அவர் எடுக்கவில்லை. அத்தை இன்னொரு தப்பைக் கொண்டுவந்தாள். திரும்பி வரும் நாளில் மதியச் சாப்பாடே வேண்டாம் என்றாள். "உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். மாலையில் மட்டும் வழக்கம்போலக் கடைக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் இருவரும் பேசவில்லை என்று அத்தை சொன்னாள்.

"கண்ணாடியை அவசரமா மாத்திட்டோம்" என்றாள். கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாண்டுவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "சில பேருக்கு அப்படித்தான். ரொம்பக் கேட்டா, எல்லாமே மங்கலா இருக்குன்னு சொல்லிருவாங்க. அப்ப விளக்கைப் போட்டுட்டு, போய்ட்டு இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிரணும்."

"இன்னொரு நாள் வருவாங்களா அத்தை?"

"பாதிப் பேர் வருவாங்க" என்றாள். ஒரு சின்ன சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

புதன்கிழமை லாயக்காரர் போன் செய்தார். பயணம் அடுத்த வாரம். ஒவ்வொருவருக்கும் பொருத்தமான குதிரையை ஒதுக்க வேண்டும், அதற்கு எல்லோருடைய எடையும் உயரமும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். "மூணு குதிரையா அக்கா, நாலா? சார் குரலைக் கேட்டதும் அவருக்குன்னு ஒண்ணை நினைச்சு வச்சிருக்கேன். கிழட்டுக் குதிரை, நேரம் தவறாது" என்று அவர் சொன்னது சமையலறை வரை கேட்டது. மாமா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அத்தை சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அவளுடைய வாழ்க்கையிலேயே இரண்டு பதில் உள்ள ஒரு கேள்வியை அவள் யாரிடமும் கேட்காமல் விட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது அத்தை சாப்பாட்டு மேசைமுன் நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பத் தயாராக, ஒரு காலில் மட்டும் செருப்பு. மேசைமேல் அந்த நோட்டு. பத்தரை மணிப் புறப்பாட்டில் தொடங்கும் பழைய அட்டவணைக்கு முன்னால் ஒரு புதுத் தாளைக் கிளிப் போட்டு வைத்திருந்தார் மாமா. அவர் ஜன்னலோரம் நின்று, தெருவில் ஏதோ முக்கியமாக நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒன்றுமே இல்லை.

நான் அத்தையின் தோளுக்கு மேலாகப் படித்தேன்.

5.30 – வீடு, புறப்பாடு, நடை. 5.55 – கண்ணாடிக் கடை முனை. அதற்குக் கீழே பதினான்காம் எண் பஸ்ஸின் நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் வரிசையாக, எதிரே நடந்து சேரும் நேரம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரிக்குப் போகும் சாலை அவர் ஓட்டிய அதே தடம். பதினோராவது கிலோமீட்டரில் எழுதியிருந்தார்: 8.07 – வளைவு. நிற்க: 5 நிமிடம். 8.12 – புறப்பாடு. பிறகு மரக்கடை நிறுத்தத்தில் பத்து நிமிட ஓய்வு. 9.55 – ஏரி வாசல். அங்கே என் அப்பாவின் காரில் வரும் மூன்று பேரோடு சேர்ந்துகொள்ளுதல். பத்தரைக்கு நான்கு குதிரைகள்.

தாளின் அடியில் அவருடைய எடையும் உயரமும்.

அத்தை அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"என்னங்க."

"ம்."

"இந்த வளைவுல அஞ்சு நிமிஷம் போதுமா, பத்து வேணுமா?"

மாமா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "அஞ்சு போதும்."

"தனியா நிக்கிறதுக்கா, ரெண்டு பேரா நிக்கிறதுக்கா?"

இப்போது திரும்பினார். "பதினெட்டு கிலோமீட்டர். உன் குதிகால் என்னத்துக்கு ஆகும்?"

"குதிகாலைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது?"

"பதினொரு மாசமாப் பக்கத்துலயே நடந்து வர்றேன். சத்தம் கேக்காதா எனக்கு?"

அத்தை செருப்புப் போடாத காலைத் தரையில் அழுத்தி ஊன்றிப் பார்த்தாள். "குதிரைமேல ஏறிட்டா அதுக்கு வேலை இல்லையே" என்றாள் பிறகு. "சொல்லுங்க. தனியாவா, ரெண்டு பேராவா?"

கூடாரத்துக்குள்ளிருந்து வாண்டு தலையை மட்டும் வெளியே நீட்டினாள். அம்மா திறந்துவிட்ட இரண்டு கதவையும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மாமா மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேர்னா பத்து" என்றார்.

ஐந்தை அழித்துப் பத்து என்று எழுதினார். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் கூடினால் அதற்குக் கீழே உள்ள எல்லா நேரமும் மாறும். 8.12 என்பது 8.17 ஆக வேண்டும். 9.55 என்பது 10.00 ஆக வேண்டும். அவர் ரப்பரை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டே கீழே போனார். அத்தை கடைக்கு நேரமாகிறது என்பதை மறந்து, ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் நின்று, ரப்பர்த் தூளைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.